பாதுகாக்கப்பட்ட நோய்

இளையபெருமாளின் வெண்டைத் தோட்டத்தில் நாலு செடிக்கு நோய் வந்தது. வெண்டைக்கு நோய் வருவது புதுசா என்ன? வராமல் மின்கம்பத்துக்கா வரும்? ஆனால் அந்த நோய்க்குப் பந்தல் போட்டு, சுற்றிலும் நாடா கட்டி, காவலுக்கு ஆள் நிறுத்தி, நோய் சௌக்கியமாக இருக்கிறதா என்று காலையும் மாலையும் ஜீப்பில் வந்து விசாரித்த கூத்து செஞ்சித் தாலுகாவைத் தவிர வேறெங்கும் நடந்திருக்காது. நடந்திருந்தாலும் அந்த ஊர்க்காரர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே சொல்லாமல் இருந்திருப்பார்கள். நமக்கு அந்த வெட்கம் கிடையாது.

இளையபெருமாள் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். செஞ்சி–திண்டிவனம் தடத்தில் அவர் விசில் சத்தம் கேட்டால் ஆடுகூட ரோட்டை விட்டு இறங்கும் என்பார்கள். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் தொண்டூரில் முக்கால் ஏக்கர் வாங்கினார். அவருடைய வம்சத்தில் அத்தனை பேரும் அடுத்தவன் நிலத்தில் குனிந்தவர்கள். தன் பேரில் பட்டா உள்ள மண்ணில் நிமிர்ந்து நின்றவர் அவர்தான் முதல் ஆள். பத்திரம் பதிந்த அன்று செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பு முழுக்க நடந்தார். "இன்னாய்யா, கோயிலு சுத்துற மாதிரி சுத்துற?" என்று மனைவி மீனம்பாள் கேலி செய்தாள். கேலி செய்தவளும் செருப்பைக் கழற்றித்தான் வைத்திருந்தாள்.

அந்த மண்ணில் முதல் பயிர் வெண்டை. தினமும் விடிந்ததும் போய்ப் பார்ப்பார். தினசரி வண்டியில் வருகிற பயணிகளைப் போல ஒவ்வொரு செடியின் முகமும் அவருக்குத் தெரியும். பூ விட ஆரம்பித்த நேரத்தில் ஒரு நாள், கிழக்கோரத்தில் நாலு செடியின் இலையில் நரம்பெல்லாம் மஞ்சளாக ஓடியிருந்தது. வெறும் நாலு செடிதான். ஆனாலும் அவர் வீடு திரும்பவில்லை. மீனம்பாளிடம் சொல்லக்கூட இல்லை. நேரே பஸ் ஏறிச் செஞ்சிக் கடைத்தெருவுக்குப் போய், சாமியானா பந்தல் வாடகைக்கு விடும் சிநேகிதர் கௌஸ் பாஷாவின் கடையில் உட்கார்ந்து, "பாய், எம் பயிரு போச்சு பாய்" என்று துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

"இரு கண்டக்டரே, இப்பவே ஒப்பாரி வெக்காத," என்றார் பாய். "எம் பொண்ணு ஷமீமா இதுக்குன்னே படிச்சிட்டு வந்திருக்குது. ஊருக்கு வெளிய புதுசா கட்டினாங்களே, பயிர் வைரஸ் துரித அறிதல் மையம், அதுலதான் வேலை. இன்னும் தொறக்கல. தொறக்காத கட்டடத்துல குந்திட்டு சம்பளம் வாங்குறோமேன்னு அதுக்கே ஒரே கூச்சம். நீ கூப்ட்டா பறந்து வரும்."

பறந்துதான் வந்தாள். ஸ்கூட்டியில் ஒரு சின்னப் பெட்டி. மஞ்சள் இலையில் ஒரு துண்டைக் கிள்ளி, ஏதோ தண்ணீரில் நசுக்கி, சுண்டுவிரல் அளவு குழாயில் ஊற்றி, மூடி, இளையபெருமாளிடம் நீட்டினாள். "மாமா, இத அக்குள்ல வெச்சி இறுக்கிக்கங்க. உடம்புச் சூடு போதும்."

"அக்குள்லயா?"

"ஆமா மாமா. இந்தக் குழாய்க்குள்ள ஒரு கத்தரி இருக்குது. கண்ணுக்குத் தெரியாத கத்தரி. மரபணுவ வெட்டித் திருத்துறாங்கன்னு பேப்பர்ல போடுறானே, அந்தக் கத்தரிதான். இந்த வைரஸோட அடையாளத்த அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்கோம். அந்த வைரஸ் மாட்டினா மட்டும்தான் கத்தரி வேலை செய்யும். வேலை செஞ்சா இந்தக் காகிதப் பட்டையில ரெண்டு கோடு விழும். இல்லைன்னா ஒரே கோடு. அரை மணி நேரம், அவ்ளோதான்."

அதற்குள் சேதி தெரிந்து தூக்குச்சட்டியோடு வந்து நின்ற மீனம்பாள், "ரெண்டு கோடுன்னா செடி முழுவாம இருக்குதுன்னு அர்த்தமாடி?" என்றாள். மூன்று பேரும் சிரித்தார்கள். இளையபெருமாள் ஒரு கையை ஒட்டவைத்துக்கொண்டே டீ குடித்தார். அரை மணி நேரத்தில் ரெண்டு கோடு பளிச்சென்று விழுந்தது.

"தேமல் நோய்தான் மாமா. ஆனா நல்ல நேரத்துல பாத்துட்டீங்க. இந்த நாலையும் இப்பவே புடுங்கி எரிச்சிடுங்க. வெள்ளை ஈ இதுல குந்தி அதுல குந்துச்சுன்னா தோட்டமே போயிடும்."

இளையபெருமாளுக்கு உயிர் வந்தது. குனிந்து முதல் செடியின் கழுத்தில் கை வைத்தார். அந்த நேரம் பார்த்து ஷமீமாவின் போன் அடித்தது. மையத்தின் இயக்குநர் டாக்டர் வெற்றிவேல். பாவம், சின்னப் பெண். சந்தோஷத்தை அடக்கத் தெரியவில்லை. "சார், கிட் அருமையா வேலை செய்யுது. முதல் பாசிட்டிவ் கிடைச்சிருக்குது!" என்று சொல்லிவிட்டாள்.

"புடுங்காதீங்க!" என்று போனுக்குள்ளிருந்து வந்த அலறலில் பக்கத்துக் கொல்லையில் மேய்ந்துகொண்டிருந்த மாடு தலையைத் தூக்கிப் பார்த்தது.

வெற்றிவேல் வந்து சேர ரொம்ப நேரம் ஆகவில்லை. ஜீப்பிலிருந்து குதித்தவர் இளையபெருமாளைப் பார்க்கவில்லை, மீனம்பாளைப் பார்க்கவில்லை. செடிக்கு முன்னால் போய் நின்று கையைக் கட்டிக்கொண்டார். "என்ன அழகான மஞ்சள்!" என்றார். குரல் தழுதழுத்தது.

"பெரியவரே, நீங்க எவ்வளவு பெரிய பாக்கியசாலின்னு உங்களுக்கே தெரியல. மையத்துக்குத் திறப்பு விழா நடக்கப்போகுது. தலைமை விருந்தினர் தன் கையாலே முதல் சோதனை செய்யணும். அதுக்கு மேடையிலே வெக்கிற மாதிரி ஒரு லட்சணமான நோய் கிடைக்காதான்னு மூணு மாவட்டத்திலே அலைஞ்சிட்டு இருந்தோம்."

"நோயின்னு பாப்பாதான் சொல்லிடுச்சே சார். புடுங்கிட்டா..."

"அவங்க சொன்னது முடிவு இல்லை, முன்முடிவு. தலைமை விருந்தினர் அறிவிச்சாதான் அது நோய். அதுவரைக்கும் உங்க செடிக்கு ஒண்ணும் இல்லை."

"அப்போ ஈ வராம இருக்கவாவது மருந்து அடிச்சிக்கிறேன்."

"ஒண்ணும் இல்லாத செடிக்கு எதுக்கு மருந்து?"

"சரிங்க, புடுங்கிப் போட்டுடறேன்."

"நோய் வந்த செடியைப் புடுங்கிட்டா விழாவுக்கு நான் எங்கே போவேன்?"

டிக்கெட் எடுத்தவன் உண்டு, எடுக்காதவன் உண்டு. ஒரே ஆள் ஒரே நேரத்தில் எடுத்தவனாகவும் எடுக்காதவனாகவும் ஃபுட்போர்டில் நின்று இளையபெருமாள் பார்த்ததில்லை. அவர் வாயைத் திறக்கும் முன்பே வெற்றிவேல் மெதுவாக, "நீங்க அரசாங்கப் பென்ஷன் வாங்குறவர்தானே?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் மிரட்டல் எதுவும் இல்லை. இல்லாததுதான் இளையபெருமாளைப் பயமுறுத்தியது.

மறுநாள் பலகை நட்டார்கள். செஞ்சிக் கோட்டை வாசலில் தொல்லியல் துறை நட்டது இருக்கிறதே, அதே நீலம், அதே எழுத்து. 'பாதுகாக்கப்பட்ட நோய். இதைச் சேதப்படுத்துவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.' நாலு செடிகளைச் சுற்றி மூங்கில் நட்டு நாடா கட்டினார்கள். வெயிலில் நோய் வாடிவிடக் கூடாது என்று பந்தல் போட உத்தரவாயிற்று. போட்டவர் கௌஸ் பாஷா. "மன்னிச்சிக்க கண்டக்டரே, கல்யாணத்துக்குப் போட்டிருக்கேன், காரியத்துக்குப் போட்டிருக்கேன், சீக்குக்குப் பந்தல் போடுறது இதான் மொதல் தபா," என்றார். காவலுக்கு ஆனந்தராஜ் என்ற ஆளைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு உட்காரவைத்தார்கள். காலை ஒரு முறை, மாலை ஒரு முறை வெற்றிவேல் வருவார். "நோய் எப்படி இருக்கு?" என்பார். "நல்லா இருக்குது சார்," என்பார் ஆனந்தராஜ். நன்றாக இருக்கும் செடிகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

விழாத் தேதி ஆடிக்கு நடுவில் விழுந்தது. ஆடியில் யாராவது புதுக் கட்டடம் திறப்பார்களா? மரபணுவையே கத்தரிக்கிற விஞ்ஞானிகள் ஆனாலும் பஞ்சாங்கத்தில் கை வைக்க அவர்களுக்குத் துணிச்சல் இல்லை. ஆவணிக்குத் தள்ளினார்கள். ஆவணியில் நல்ல முகூர்த்த நாளெல்லாம் தலைமை விருந்தினருக்குக் கல்யாண வீடுகள். முகூர்த்தம் இல்லாத நாளில் அவருக்குப் பல்வலி. பல் சரியான வாரத்தில் அவரை வேறு துறைக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவருக்கு நோயைப் பற்றி முதலிலிருந்து விளக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தள்ளிவைப்பையும் வெற்றிவேல் இனிப்புக் கொடுக்கிற முகத்தோடுதான் வந்து சொல்வார். "நோய்க்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் கிடைச்சிருக்கு."

நோய் அந்த அவகாசத்தை வீணாக்கவில்லை. நாடாவுக்கு வெளியே இங்கொன்றும் அங்கொன்றுமாக மஞ்சள் நரம்பு தெரிய ஆரம்பித்தது. இளையபெருமாள் ஓடிப்போய் மையத்தில் முறையிட்டார். வெற்றிவேல் எழுந்து நின்று கை கொடுத்தார்.

"வாழ்த்துக்கள்! திட்டம் விரிவடையுது."

"சார், வெள்ளை ஈ மொய்க்குது சார். வேப்பெண்ணெயாவது தெளிக்க விடுங்க."

"வெள்ளை ஈயைத் தொடாதீங்க. அதுவும் இந்தத் திட்டத்திலே ஒரு பங்குதாரர். அதைப் பத்தி முடிவெடுக்க ஒரு துணைக்குழு போட்டிருக்கோம்."

"குழு எப்ப கூடும் சார்?"

"உறுப்பினர்களைத் தேடிட்டு இருக்கோம்."

அன்று சாயங்காலமே நாடாவை அகலப்படுத்திக் கட்டினார்கள். இளையபெருமாள் வரப்பில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். மூணு தலைமுறை ஏங்கிய மண், முதல் பயிர், அதுவும் பூவும் பிஞ்சுமாக நிற்கிறது. அதைத் தின்கிற நோய்க்கு இவர் செலவில் தண்ணீர் பாய்கிறது. மனுஷனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இதற்கு நடுவில் ஊர் சும்மா இருக்குமா? மேல்தெரு விருத்தாம்பாள் ஒரு நாள் அந்தப் பக்கம் போனவள் நின்று பார்த்தாள். செடியெல்லாம் மஞ்சள் மஞ்சளாகப் போட்டிருக்கிறது. தொடக் கூடாது, வெட்டக் கூடாது, மருந்து கொடுக்கக் கூடாது என்று உத்தரவு. நிழலுக்குப் பந்தல். காவலுக்கு ஆள். பெரியவர்கள் தினம் ரெண்டு வேளை வந்து கைகட்டி நின்று நலம் விசாரிக்கிறார்கள். இது எந்த வீட்டில் எப்போது நடக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா வந்து எறங்கியிருக்கா! வெண்டைக்கு அம்மை போட்டிருக்குது!" என்று தெருவுக்கே சொல்லிவிட்டாள். மறுநாள் பந்தல் காலெல்லாம் வேப்பிலை. அடுத்த வெள்ளிக்கிழமை பெரிய அண்டாவில் கூழ். ஆனந்தராஜ் மூன்று சொம்பு குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

வெற்றிவேல் வந்து பார்த்தால் கோபப்படுவார், இந்த மூடநம்பிக்கையைக் கண்டித்துப் பலகையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார் என்று இளையபெருமாள் ஆசையோடு காத்திருந்தார். வெற்றிவேல் போட்டோ எடுக்கச் சொன்னார். "மக்கள் பங்கேற்பு!" என்றார். "நம்ம வழிகாட்டு நெறிமுறையை இவ்வளவு துல்லியமாக் கடைப்பிடிச்ச கிராமத்தை நான் பார்த்ததே இல்லை." பிறகு யாரும் பார்க்காத நேரத்தில் அவரும் ஒரு சொம்பு குடித்தார் என்று ஆனந்தராஜ் சொன்னதை நான் நம்புகிறேன்.

ஒரு வழியாகத் தேதி கிடைத்தது. தேதி கிடைத்ததும் ஒத்திகை ஆரம்பித்தது. தினம் வயலோரத்தில் ஒரு ஒத்திகை. மையத்தின் பியூனுக்குத் தலைமை விருந்தினர் வேஷம். அவருக்குச் சால்வை, மாலை, பூங்கொத்து. ஷமீமா இலை கிள்ளிக் குழாயில் போட்டுக் கொடுக்க வேண்டும். பியூன் அக்குளில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் புன்னகை செய்ய வேண்டும். அதன் பிறகு விழும் கோட்டை யாரும் பார்க்கக் கூடாது, ஏனென்றால் அது ஒத்திகைக் கோடு.

மூன்றாம் நாள் ஷமீமா மீனம்பாளின் அருகில் வந்து நின்றாள். "அத்தை, கிட்டெல்லாம் ஒத்திகைக்கே காலியாவுது. பாத்துட்டு வயிறு எரியுது."

மீனம்பாள் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். எத்தனை ஆய்வைப் பார்த்தவள்! அதிகாரி எந்த அண்டாவைத் திறப்பார், எதைத் திறக்க மாட்டார் என்று மூக்கை வைத்தே சொல்லுவாள். "ஏண்டி, ஒத்திகைக்கு எந்தச் செடியில எலை கிள்ளணும்னு அந்த ஆளு சொன்னாரா?"

"இல்லையே."

"பின்ன? நெசமாவே சந்தேகமா இருக்கிற செடியில கிள்ளு. யாரும் கோட்டப் பாக்கப்போறதில்ல. நீ மட்டும் பாரு."

அன்று முதல் ஒத்திகை ஒத்திகையாக இல்லை. ஒவ்வொரு நாளும் பியூன் மட்டுமா, ஓட்டுநர், தோட்டக்காரர், மாலை போடுகிறவர், எல்லோர் அக்குளிலும் ஒரு குழாயைச் செருகினாள் ஷமீமா. "எல்லாருக்கும் பயிற்சி வேணும் சார்," என்றாள். வெற்றிவேல் பூரித்துப்போனார். ரெண்டு கோடு விழுந்த செடிக்கு நேரே வந்ததும் ஷமீமா துப்பட்டாவைச் சரிசெய்துகொள்வாள். ஆனந்தராஜ் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்ந்ததும் மீனம்பாள் போய் அந்தச் செடியை வேரோடு பிடுங்கி முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு வருவாள். இளையபெருமாள் வரப்பில் நின்று காவல் பார்ப்பார். ஒரு தடவை பதற்றத்தில் பழக்கதோஷமாக விசில் அடித்துவிட்டார். "யோவ், இன்னா பஸ்ஸா கெளம்புது?" என்று அடிக்குரலில் சீறினாள் மீனம்பாள்.

கடைசியில் நாடாவுக்குள் இருந்த சீக்குச் செடிகள் மட்டும் மிஞ்சின. அவற்றையும் எடுத்துவிட்டால் தோட்டம் பிழைத்தது. எடுத்தால் விழாவில் என்ன காட்டுவது?

"நோய இடம் மாத்துறதுதான் கஷ்டம்," என்றார் கௌஸ் பாஷா. "பந்தல இடம் மாத்துறது எனக்கு வெத்தல போடுற வேலை." விழாவுக்கு முந்தின நாள் மதியம், பந்தல் துணி மாற்றுகிறோம் என்று ஆட்களோடு வந்து, பந்தல், நாடா, பலகை, வேப்பிலை, ஆனந்தராஜின் நாற்காலி எல்லாவற்றையும் பத்தடி தள்ளி நட்டுவிட்டார். பழைய இடத்துச் செடிகள் அடுப்புக்குப் போயின. புதிய இடத்தில், நாடாவுக்குள், கொழுகொழுவென்று பச்சையாக நின்ற வெண்டைச் செடிகளுக்கு மீனம்பாள் மஞ்சளை அரைத்து, பசை கலந்து, ஈர்க்குச்சியால் நரம்பு நரம்பாகத் தீட்டினாள். ஷமீமா பார்த்துவிட்டு, "அத்தை, உண்மையான நோய் இவ்ளோ அழகா இருக்காது," என்றாள்.

விழா அன்று, நோய் இருக்கிற இடத்துக்கே மேடை வந்திருந்தது; தொண்டூர் ரோட்டில் கார்கள் நின்றன. தலைமை விருந்தினர் ராகு காலம் முடிந்ததும் இறங்கினார். இலையைக் கிள்ளினார், கைதட்டல். குழாயை அக்குளில் வைத்துக்கொண்டார், கைதட்டல். பியூன் நின்றபோது தோன்றாதது அப்போதுதான் வெற்றிவேலுக்கு உறைத்தது: ஒரு கை ஒட்டிக்கொண்டிருந்தால் விருந்தினர் கும்பிடுவது எப்படி? மாலை வாங்குவது எப்படி? ஒற்றைக் கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு அவர் மட்டும் நின்றால் போட்டோவில் என்ன மாதிரி இருக்கும்? மேடையில் இருந்த எல்லோருக்கும் கண்ணைக் காட்டினார். மேடையே இடது கையை ஒட்டிக்கொண்டது. பூங்கொத்து கொடுத்த அம்மா ஒற்றைக் கையால் கொடுத்தார். வரவேற்புரை ஆற்றியவர் ஒற்றைக் கையை ஆட்டினார். கூட்டத்தில் இருந்த விருத்தாம்பாள், சாமிக்கு இது புது முறை போலிருக்கிறது என்று தானும் இடது கையை இறுக்கிக்கொண்டாள். அவளைப் பார்த்து மேல்தெரு முழுக்க இறுக்கிக்கொண்டது.

தலைமை விருந்தினர் பேசினார்.

"விவசாயப் பெருமக்களே! வேகம்தான் எங்கள் மூச்சு. அரை மணி நேரத்தில் நோயைச் சொல்லும் இந்தக் கருவியை வாங்கலாமா என்று முடிவெடுக்க நாங்கள் எடுத்துக்கொண்டது வெறும் ஏழே வருடம். கண்டுபிடித்த உடனே நாங்கள் நோயை ஒழித்துவிடவில்லை. அவசரப்பட்டு ஒழித்திருந்தால் இன்று இந்த மேடை ஏது? மாலை ஏது? நோய் இருப்பதால் மையம் இருக்கிறது. மையம் இருப்பதால் நாங்கள் இருக்கிறோம். நாங்கள் இருப்பதால் நீங்கள் இருக்கிறீர்கள். ஆகவே நோயைக் கண்டால் வெறுக்காதீர்கள். மதிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்!"

கைதட்டலாம் என்று எல்லோரும் நினைத்தார்கள்; ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு எங்கே தட்டுவது? தொடையில் தட்டிக்கொண்டார்கள்.

குழாயை வெளியே எடுத்துக் காகிதப் பட்டையைத் தோய்த்தார்கள். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஒரு கோடு விழுந்தது. காத்திருந்தார்கள். அந்த ஒரு கோடு இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது.

"ரெண்டு கோடுன்னு சொன்னீங்களே?" என்றார் விருந்தினர், மைக் ஓடிக்கொண்டிருப்பது தெரியாமல்.

வெற்றிவேலுக்கு வேர்த்துக் கொட்டியது. "ஐயா, ஒண்ணு கண்ணுக்குத் தெரியுற கோடு. இன்னொண்ணு... கொள்கை அளவிலே இருக்கு."

விருந்தினர் யோசித்தார். எவ்வளவோ கோப்புகளைப் பார்த்தவர். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பச்சை மை. பெரிய அதிகாரிகளுக்கு மட்டுமே உரிய பச்சை மை. கண்ணுக்குத் தெரிந்த கோட்டுக்குப் பக்கத்தில் நிதானமாக, ஸ்கேல் வைத்தது போல, இன்னொரு கோடு போட்டார். கீழே கையெழுத்தும் போட்டார். "இதுக்கு மேலே எந்தக் கத்தரி வெட்டணும்?" என்றார். நோய் உறுதி செய்யப்பட்டதாக ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வெடி வெடித்தது.

இளையபெருமாள் சிரித்துக்கொண்டுதான் நின்றார், அடுத்த அறிவிப்பு காதில் விழும் வரை. நோய் உறுதியான வயலில் உள்ள எல்லாச் செடிகளும் நெறிமுறைப்படி முழுமையாக அழிக்கப்படும்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினார். நாடாவுக்குள் கை விட்டு ஒரு இலையைக் கிள்ளி, வெற்றிவேலின் கண் முன்னாலேயே கட்டைவிரலால் தேய்த்தார். மஞ்சள் விரலோடு வந்துவிட்டது. அடியில் பச்சை இலை பளபளத்தது.

"சார், பாருங்க சார்! நோயில்ல சார்! எம் பொண்டாட்டி தீட்டின மஞ்சளு சார்! நாங்க பண்ணது தப்புதான், ஜெயில்ல போடுங்க, செடிய விட்டுடுங்க. எம் மொதப் பயிரு சார்!" கண்ணீர் அவர் மீசையில் வழிந்தது. அவர் வெட்கப்படவில்லை.

வெற்றிவேல் அந்த விரலைப் பார்த்தார். அந்த இலையைப் பார்த்தார். ஒரு நிமிஷம் அவருக்கும் உள்ளே ஏதோ பண்ணியிருக்க வேண்டும், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பெரியவரே, பச்சை மையிலே கையெழுத்து விழுந்தாச்சு. இனிமே அது நோய்தான். செடிக்குத் தெரியாம இருக்கலாம்."

"அப்போ இன்னிக்கே அழிச்சிடுவீங்களா?"

"இன்னிக்கா?" வெற்றிவேல் பதறிப்போனார். "என்ன பேசறீங்க! அழிப்புத் துவக்க விழான்னு தனியா நடத்தணும். கொடியசைக்கத் தலைமை விருந்தினர் வேணும். தேதி கேட்டு எழுதணும்."

பின்னால் வந்து நின்ற மீனம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ரொம்பப் பணிவாக, "ஐயா, அதுவரைக்கும் காயி பறிச்சிக்கலாங்களா?" என்று கேட்டாள்.

வெற்றிவேல் உத்தரவை ஒரு முறை படித்தார். இன்னொரு முறை படித்தார். "செடின்னுதான் இருக்கு. காயைப் பத்தி இதிலே ஒண்ணும் இல்லை."

"யோவ், வாய்யா," என்று புருஷனின் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் இன்னும் விசும்பிக்கொண்டிருந்தார். வரப்பைத் தாண்டிய பிறகு அவர் காதில், "தேதி கெடைக்கிறதுக்குள்ள கடைசிக் காய் வரைக்கும் வித்துட்டு வந்துரலாம்யா," என்றாள். இளையபெருமாள் நடுவரப்பில் நின்றுவிட்டார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து அவருக்கு விக்கல் எடுத்தது.

அப்படித்தான் நடந்தது. இந்தப் புதுத் தலைமை விருந்தினருக்கும் பல்வலி வந்தது. மறுபடி கல்யாணங்கள் வந்தன. ஐப்பசி மழை வந்தது. ஒவ்வொரு ஒத்திவைப்புக்கும் இளையபெருமாள் மனசார அவருடைய பல்லை வாழ்த்தினார். பலகை நின்றது, பந்தல் நின்றது, ஆனந்தராஜ் தூங்கினார், வெண்டை காய்த்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கூடை கூடையாகச் செஞ்சிச் சந்தைக்குப் போயிற்று. கண்டக்டர் வெண்டை என்றால் விரல் வைத்ததும் முனை ஒடியும் என்று பேர் வந்துவிட்டது. அரசாங்கக் கணக்கில் அது செத்துக்கொண்டிருந்தது.

தேதி கிடைத்தபோது செடிகள் காய்த்து ஓய்ந்து, தண்டு முற்றி விறகாக நின்றன. அவற்றைப் பிடுங்கி நிலத்தை உழ ஆள் தேட வேண்டுமே என்று இளையபெருமாள் கவலைப்பட்டுக்கொண்டிருந்த வாரம் அது. நாதஸ்வரம் வந்தது, பொக்லைன் வந்தது, டிராக்டர் வந்தது. தலைமை விருந்தினர் கொடியசைத்தார். பொக்லைன் ஒரு தண்டு விடாமல் வாரி எடுத்தது. டிராக்டர் ரெண்டு சால் ஓட்டிப் புழுதி பறக்க உழுதுவிட்டுப் போயிற்று. இளையபெருமாளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது. விருந்தினர் மேடையிலிருந்து இறங்கி வந்து அவர் தோளில் கை வைத்தார். "அழாதீங்க பெரியவரே. விஞ்ஞானத்துக்காகத் தியாகம் பண்ணியிருக்கீங்க." மறுநாள் பேப்பரில் அந்தப் படம்தான் வந்தது.

தையில் உளுந்து விதைத்தார்கள். மாசியில் ரெண்டு செடியில் லேசாக மஞ்சள் தட்டியது. மீனம்பாள் மையத்துக்கு ஆள் அனுப்பவில்லை. ஷமீமா டவுன் பஸ்ஸில், கையில் பழப் பையோடு, விருந்தாளி மாதிரி வந்து இறங்கினாள். பழத்துக்கு அடியில், உளுந்து வைரஸின் அடையாளம் சொல்லிக் கொடுத்த குழாய் இருந்தது. இளையபெருமாள் அதை அக்குளில் வைத்துக்கொண்டு டீ குடித்தார். ரெண்டு கோடு விழுந்ததும் மீனம்பாள் அந்த ரெண்டு செடியையும் பிடுங்கி வந்து அடுப்பில் செருகினாள். பச்சைச் செடி, புகைந்தது. மூன்று பேருக்கும் கண் எரிந்தது.

ஷமீமாவின் போன் அடித்தது. வெற்றிவேல். இளையபெருமாளும் மீனம்பாளும் ஒரே நேரத்தில் வாயில் விரலை வைத்துக் காட்டினார்கள்.

"ஷமீமா, ரொம்ப நாளாச்சும்மா. எங்கேயாவது ஒரு நல்ல நோய் கண்ணிலே பட்டுச்சா?"

ஷமீமா அடுப்பைப் பார்த்தாள். "இல்ல சார். இந்தப் பக்கம் பயிரெல்லாம் நல்லா இருக்குது."

"அடடா," என்றார் வெற்றிவேல். பிறகு தன்னைத் தேற்றிக்கொண்டு அவளையும் தேற்றினார். "மனசை விட்டுடாதீங்கம்மா. வரும்."